சவுக்குத் தோப்பில் எழுதிய பதில்

பறவைப் பூங்காவில் இப்போது வாச்சராக இருக்கும் கோபால் போன மாதம் அச்சரப்பாக்கத்தில் என் வீட்டைத் தேடி வந்தார். பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்க வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கப் போகிறார்களாம். அதில் நான் எழுத வேண்டுமாம்.

"மொத கூடாரம் அடிச்ச நாள்லேர்ந்து அங்க இருந்தவன் நீதான் அண்ணாத்த. ஜனங்க எப்பிடி பத்திரமா தங்கணும்னு நாலு பக்கம் எழுதிக் குடு."

"எனக்கு எழுத வராதுப்பா. நான் அஞ்சாங்கிளாசு."

"அஞ்சாங்கிளாசுக்கே இம்மாம் அழகா எழுதிகினு இருந்திருக்கே. பழைய நோட்ட நான் பாத்திருக்கேனே."

அவர் எந்த நோட்டைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் பேச்சை மாற்றி டீ குடிக்கச் சொன்னேன். டீ குடித்துக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார்.

"அந்த நோட்டுல கைநாட்டுக் கட்டம் ஒண்ணு கீதே, அதான் பேஜாரு. தெனம் குப்பத்துக்குப் போயி கைநாட்டு கேட்டா அந்தப் பொம்பளைங்க வாய் தாங்க முடியல. 'எங்க வாய்ப் பேச்சுமேல நம்பிக்க இல்லியா, நாங்க இன்னா திருடங்களா'ன்றாங்க. எந்தப் புண்ணியவான் அண்ணாத்த அந்தக் கட்டத்தப் போட்டது?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவர் பஸ் ஏறிப் போன பிறகு வெகுநேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அதே பொய்யைச் சொல்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்ட நாலு பக்கமும் இதில் இருக்கிறது. கேட்காததும் இருக்கிறது.

என் வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடலோரத்தில் சவுக்குக் கன்று நட வந்த கூலிகளில் நானும் ஒருவன். பேசாமல் வேலை செய்கிறவன் என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு வாச்சர் ஆனேன். காக்கிச் சட்டையும் விசிலும் ஒரு நீளத் தடியும் கொடுத்தார்கள். பறவைகளுக்குப் பக்கத்தில் இருக்கும்வரை எனக்குப் பயம் இல்லை. மனிதர்கள் நாலு பேர் சேர்ந்து நின்றால்தான் வாய் கட்டிவிடும். பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் பூங்கா திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலை ஒட்டிய உப்பங்கழியில் இருக்கிறது. கழிக்கு நடுவே ஒரு மணல்மேடு. நடுமேடு என்போம். பூநாரையும் கூழைக்கடாவும் வரும் பருவத்தில் மெட்ராஸிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து அந்த மேட்டில் தங்குவார்கள். எழுபதாம் வருஷத்தை ஒட்டித்தான் அந்த வழக்கம் ஆரம்பித்தது. அப்போது எங்களுக்கு மேலே வனவராக வந்தவர் தங்கவேலு சார்.

ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கூடாரம் அடிக்கும் முன் மேட்டை ஒரு தரம் முழுக்க நடந்து பார்ப்பார். நண்டு வளை உள்ள இடத்தில் கூடாரம் கூடாது. அங்கே நிலம் ஈரம், தண்ணீர் ஏறினால் முதலில் ஏறும் இடம் அதுதான். பனைமரத்தின் கீழ் கூடாது. சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் நரி வரும். குடிதண்ணீர் கரையிலுள்ள கிணற்றிலிருந்து குடத்தில்தான் வர வேண்டும். காலையில் செருப்பையும் பூட்ஸையும் தலைகீழாகத் தட்டிவிட்டுத்தான் காலை விட வேண்டும். ஒரு பையன் கூடாரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு போட்டால் பாம்பு வராதாமே என்று கேட்டான். "பாம்புக்குத் தெரியாதேப்பா அது. நீ விளக்கு வச்சுக்க, கால் வைக்கிற இடத்தப் பாரு" என்றார் சார்.

கரையிலிருந்து மேட்டுக்குச் சாமான் மட்டும் தோணியில் போகும், ஆட்களுக்கு ஒரே வழி தண்ணீரில் இறங்கி நடப்பதுதான். சவுக்குக் கம்புகளை இரண்டு வரிசையாக நட்டு, தலையில் சிவப்புத் துணி கட்டியிருப்போம். இரண்டு வரிசைக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். தொடையளவு தண்ணீர். முன்னால் வாச்சர் தடியோடு போவார். பின்னால் எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தேய்த்துத் தேய்த்து நகர்த்த வேண்டும். சேற்றில் திருக்கை படுத்திருக்கும். மிதித்தால் வாலால் குத்திவிடும், கால் உரசினால் தானே விலகிப் போய்விடும். கையில் என்ன இருந்தாலும் கயிற்றை விடக் கூடாது. ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் வந்த வழியே திரும்பு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. அது பாம்பையும் திருக்கையையும் பற்றியது அல்ல.

கழி கடலில் சேரும் இடத்தை முகத்துவாரம் என்பார்கள். அலை மணலைத் தள்ளித் தள்ளி அதை அடைத்துவிடும். மழைக்காலத்தில் மேற்கே ஏரிகள் நிரம்பிக் கழியில் தண்ணீர் ஏறும். நன்றாக ஏறியதும், கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்து, பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் மண்வெட்டியோடு போய் அந்த மணலை வெட்டி விடுவார்கள். வெட்டினால்தான் இறால் குஞ்சு உள்ளே வரும், அவர்களுக்குப் பிழைப்பு. முதலில் கையகலம்தான் ஓடும். ஒரு மணி நேரத்தில் வண்டிப்பாதை அகலம் ஆகிவிடும். கழித் தண்ணீர் முழுக்க அந்த வாயை நோக்கிப் பாயும். அந்த நேரத்தில் கம்பு வரிசைக்குள் ஆள் இறங்கினால் நிற்க முடியாது.

எந்த நாளில் வெட்டுவது என்று குப்பத்தில் காலையில்தான் முடிவு செய்வார்கள். கற்பூரம் ஏற்றி முதல் மண்வெட்டி போடும் உரிமை ஒரு வீட்டுக்கு மட்டும். அந்த வீட்டுக்காரர் எல்லப்பன். என் வயதுதான் இருக்கும். நீரைப் பார்த்து நாள் சொல்வதில் அவர் பேச்சுக்குக் குப்பமே கட்டுப்படும்.

ஆகவே, மேட்டில் ஆட்கள் தங்கியிருக்கும் நாட்களில் வாச்சர் தினமும் காலையில் குப்பத்துக்குப் போய் இன்று வெட்டுவார்களா என்று கேட்டு வந்து நோட்டில் எழுத வேண்டும். எழுதிய பிறகு தங்கவேலு சார் மூன்று கேள்வி கேட்பார். கேள்வி மாறவே மாறாது.

"கேட்டியா?"

"யாரக் கேட்டே?"

"அவர் என்ன சொன்னார்?"

மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் கயிற்றை எடுக்கச் சொல்வார்.

அந்த வருஷம் மார்கழியில் பத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரு வாத்தியாரும் நாலு நாள் தங்க வந்தார்கள். முதல் நாள் நான் குப்பத்துக்குப் போனேன். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் முழங்காலுக்கு மேல் தண்ணீருள்ள ஒரு ஓடை. அதில் இறங்கி ஏறினால் நேராக மீன் ஏலம் போடும் மணல். அதைத் தாண்டித்தான் எல்லப்பன் வீடு. வேறு வழி கிடையாது. ஏலத்தில் நாற்பது ஐம்பது பெண்கள் கூடையோடு இருப்பார்கள்.

"தோ வந்துட்டாருடி கொக்கு மாப்ள!" என்றாள் பாப்பம்மா. அவள் குரல்தான் அங்கே பெரிய குரல். "இன்னா மாப்ள, கொக்குக்குப் பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணு நம்மாண்ட இல்ல. கழில நிக்கிது பாரு, ஒத்தக் கால்ல" என்றாள் இன்னொருத்தி.

ஓடையில் இறங்கி ஏறியதில் என் அரைக்கால் சட்டை பின்பக்கம் தையல் விட்டிருந்தது. எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பை நான் எழுத முடியாது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்கு அந்த மணல் வாய் திறந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. எல்லப்பன் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "சொம்மா கெடங்கடி, ஆள வுடுங்க" என்றார். பிறகு என்னிடம், "இன்னும் தண்ணி பத்தாது வாச்சரே. நாலஞ்சு நாளு ஆவும். ஆனா மேக்கால மழ பிடிச்சா சொல்ல முடியாது. தெனம் வந்து கேட்டுக்க" என்றார்.

இரண்டாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு ஓடிப் போய்க் கேட்டுவிட்டு ஓடி வந்தேன். அதற்கும் சிரித்தார்கள். அன்று மாலை மேற்கே, செங்கல்பட்டுப் பக்கம், வானம் கறுத்து இடி இடித்தது. நானும் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை தோப்புவரை போனேன். ஏலச் சத்தம் கேட்டது. பாப்பம்மாவின் குரல் கேட்டது. எதற்கோ எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை, நான் தோப்புக்குள் நின்றிருந்தேன். ஆனாலும் கால் எழவில்லை. முந்தாநாள்தானே நாலஞ்சு நாள் ஆகும் என்றார் என்று நினைத்தேன். ஒரு சவுக்கு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்து, அன்றைய தேதி போட்டு எழுதினேன். கேட்டது: எல்லப்பனை. சொன்னது: இன்னும் நாலு நாள் ஆகும். கோபால் பாராட்டிய அழகான கையெழுத்தில்தான் எழுதினேன்.

மேட்டுக்குத் திரும்பினேன். ஓடைத் தண்ணீரிலாவது காலை நனைத்துக்கொள்ள வேண்டும் என்ற புத்திகூட இல்லை. கம்பு வரிசை வழியாக நடந்தால் தொடைவரை நனையும். ஆனால் அன்று சாமான் ஏற்றிய தோணி போனது, அதில் ஏறிப் போய்விட்டேன்.

"கேட்டியா?" என்றார் சார்.

"கேட்டேன் சார்."

"யாரக் கேட்டே?"

"எல்லப்பனை."

"அவர் என்ன சொன்னார்?"

"இன்னும் நாலு நாள் ஆவும்னாரு சார்."

மூன்று பதிலும் உண்மை. கேட்ட நாள் மட்டும் பொய். சார் நோட்டைத் திருப்பித் தந்தபோது அவர் பார்வை என் காலுக்குப் போனது. முழங்கால் வரை காய்ந்து கிடந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஒரு பையன் அடுப்பில் வெந்நீரைக் கவிழ்த்துவிட்டுக் கத்தினான். சார் அங்கே ஓடினார்.

பத்தரை மணிக்குக் கரைப்பக்கத்துப் பறவைகளைக் காட்டப் பிள்ளைகளையும் வாத்தியாரையும் அழைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். நான் முன்னால். சார் மேட்டில். கடைசியில் முரளி என்ற மாணவன், கழுத்தில் வாத்தியாரின் தூரக்கண்ணாடியை மாட்டியிருந்தான். பாதி வழி வந்திருப்போம். ஊன்றிய தடி என் கையில் மெதுவாகக் கிழக்கே இழுத்தது. தண்ணீரின் மேல் கிடந்த பஞ்சு, இறகு எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்தது.

முகத்துவாரம் வெட்டிவிட்டார்கள் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. இப்போது சொல்வதுதான் இந்த எழுத்திலேயே எனக்குக் கஷ்டமான இடம். விசில் என் வாயில்தான் இருந்தது. நான் ஊதவில்லை. ஊதினால் நான் குப்பத்துக்குப் போய்க் கேட்கவில்லை என்பது தெரிந்துவிடும். வேகமாக நடந்தால் கரை ஏறிவிடலாம் என்று நினைத்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்றேன். எட்டோ பத்தோ அடி அப்படி நடந்தேன். அதற்குப் பிறகுதான் இரண்டு விசில் கொடுத்தேன். அப்போது திரும்பவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கம்புகளைக் கட்டிப் பிடிக்கச் சொன்னேன். ஒன்பது பேரும் வாத்தியாரும் பிடித்தார்கள். முரளியின் கழுத்து வார் அறுந்து தூரக்கண்ணாடி தண்ணீரில் விழுந்தது. அதைப் பிடிக்க அவன் கயிற்றை விட்டான்.

அவன் தலை போவதைப் பார்த்தேன். சத்தமே போடவில்லை அவன். மேட்டிலிருந்து சார் ஓடி வந்து தண்ணீரில் விழுந்து நீந்தினார், எட்டவில்லை.

பையனைப் பிடித்தவர் எல்லப்பன். வெட்டிய வாயின் கரையில் மண்வெட்டியோடு நின்றிருந்தவர் தலை வருவதைப் பார்த்து, இடுப்பில் வலைக்கயிற்றைச் சுற்றிக்கொண்டு, முனையைக் குப்பத்து ஆட்களிடம் எறிந்துவிட்டுக் குதித்தாராம். வாயைத் தாண்டி அலை உடையும் இடத்தில் பையனின் தலைமயிர் அவர் கைக்குக் கிடைத்தது. மற்றவர்களைச் சார் பார்த்துக்கொள்ள, கம்பு கம்பாகப் பிடித்துக் கரையேறி நான் ஓடிப் போனபோது முரளியை மணலில் குப்புறப் போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லப்பனின் தோள் கீழே தொங்கியது, மூட்டு கழன்றுவிட்டது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"இன்னா வாச்சரே, காலைல நீ ஏன் வர்லே? சொல்ல ஆளுகூட அனுப்ப இருந்தேன். நீ வருவேன்னு வுட்டேன்."

நான் குனிந்து முரளியின் உள்ளங்காலைத் தேய்த்துவிட ஆரம்பித்தேன்.

முரளி பிழைத்தான். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மேலதிகாரி ஒருவர் வந்து பூங்காக் கொட்டகையில் விசாரித்தார். நோட்டைப் படித்தார். குப்பத்து ஆட்கள் வெளியே நின்றார்கள். எல்லப்பன் கையைக் கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்.

"மொத ரெண்டு நாளு வந்தாரு, சொன்னேன். அன்னிக்கி வர்லே சாமி."

"அன்றைய தேதியில் உன் பேர் எழுதியிருக்கிறதே."

"எய்தியிருந்தா நா இன்னா பண்ண முடியும்? எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அன்னிக்கி இவரு வர்லே."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீ போனாயா?"

"போனேன் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

எழுத்து ஜெயித்தது. எல்லப்பன் ஒன்று சொல்லி வேறொன்று செய்தவர் என்று ஆயிற்று. அதிகாரி அவரைத் திட்டிவிட்டுப் போய்விட்டார், அது பெரிதில்லை. குப்பத்துப் பஞ்சாயத்துதான் பெரிது. தவறாக நாள் சொல்லி ஓர் உயிரைத் தண்ணீரில் விட்ட கை முதல் மண்வெட்டி போடக் கூடாது என்று அந்த உரிமையை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவருடைய அப்பாவும் அவருக்கு முன்னவர்களும் போட்ட மண்வெட்டி. அன்று ஏலத்து நெரிசலில் நான் வந்தேனா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் சொன்ன சொல்லை விட என் நோட்டை அவருடைய சொந்த ஜனங்களே நம்பினார்கள்.

விசாரணை முடிந்து எல்லாரும் போன பிறகு தங்கவேலு சார் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். அதுவரை கேட்காத நாலாவது கேள்வியைக் கேட்டார்.

"எப்போ கேட்டே?"

அங்கே யாரும் இல்லை. ஏலம் இல்லை, சிரிப்பு இல்லை. அவர் கோபக்காரரும் இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

"அன்னிக்குக் காலையிலதான் சார்."

என் காலைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

அடுத்த வாரம் நோட்டில் புதிதாக இரண்டு கட்டம் கோடு போட்டு வந்தது. ஒன்று, கேட்ட நேரம். இன்னொன்று, பதில் சொன்னவரின் கைநாட்டு. குப்பத்தார் மாற்றிப் பேசாமல் இருக்க இந்த ஏற்பாடு என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். சில வருஷம் கழித்து சார் மாற்றலாகிப் போகும்போது மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். என்னவோ தைரியத்தில், "அவங்க பேச்ச நம்பாமதான் கைநாட்டு வச்சீங்களா சார்?" என்று கேட்டேன்.

"கைநாட்டு வாங்கணும்னா நேர்ல போய்த்தானே ஆகணும்" என்றார். அவ்வளவுதான். பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு வேலையில் இருந்த வருஷங்கள் முழுக்க நான் தினமும் ஓடையில் இறங்கி, ஏல மணலைத் தாண்டிப் போய்க் கைநாட்டு வாங்கினேன். எல்லப்பனிடம் இல்லை, உரிமை மாறிய வீட்டில். அவர் வலை பிரித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். ஒரு முறை மட்டும் திருவிடந்தை பஸ் நிறுத்தத்தில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. நா இன்னா, ஒன்னியக் கடிச்சா துன்னுடப் போறேன்?"

அன்றைக்கும் நான் மழை வரும்போல இருக்கிறது என்றேன்.

இதுவரை எழுதி முடித்ததும் கோபாலுக்கு அனுப்பவில்லை. எல்லப்பனுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அவர் காதில் தனியாகச் சொன்னால் போதாது, எந்த ஜனங்கள் முன்னால் அவர் சொல் போனதோ அந்த ஜனங்கள் கேட்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை காலை ஓடையில் இறங்கி ஏறினேன். ஏலம் முடியும் நேரம். பாப்பம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது, குரல் நரைக்கவில்லை.

"அட, கொக்கு மாப்ள! ரிட்டேரு ஆயிட்டேன்னாங்க?"

ஒரு கவிழ்த்த கூடையைக் கேட்டு அதில் உட்கார்ந்தேன். எல்லப்பனைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்ததும் இதே காகிதங்களை முதலிலிருந்து படித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் சத்தமாகப் படி என்றார்கள். விசில் வந்தபோது ஒருத்தர் காறித் துப்பினார். அது எனக்கு உரியதுதான்.

படித்து முடித்ததும் பாப்பம்மாதான் முதலில் பேசினாள். "நாங்க சிரிச்சதுக்காய்யா? அந்தச் சிரிப்புக்காய்யா ஒரு புள்ள உசுரு போவ இருந்துது?" அவள் சிரிக்கவில்லை. நான் படிக்கும்போதும் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

எல்லப்பன் கழன்று சேர்ந்த தோளைத் தடவிக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். மண்வெட்டி உரிமையைப் பஞ்சாயத்தில் பேச வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு இன்னொருவர், இத்தனை வருஷம் கழித்தா என்றார். அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் எடுத்ததைத் திருப்பித் தர எனக்கு வழி இல்லை.

இதைப் புத்தகத்தில் போடச் சம்மதமா என்று எல்லப்பனிடம் கேட்டேன். சம்மதம் என்றால் கடைசிப் பக்கத்தில் கைநாட்டு வைக்க வேண்டும் என்று மைப்பெட்டியை நீட்டினேன். பழக்கம் அப்படி. அவர் மைப்பெட்டியையும் என்னையும் பார்த்தார்.

"கைநாட்டுலாம் வெக்க மாட்டேன். வாயால சொல்றேன், போட்டுக்க. போயி எய்து, எல்லப்பன் சொன்னாருன்னு."

ஆகவே எழுதுகிறேன்.

கேட்டது: எல்லப்பனை. கேட்ட நேரம்: வெள்ளிக்கிழமை காலை, ஏலம் முடிந்த பிறகு, நேரில். சொன்னது: போட்டுக்கொள். கைநாட்டு: வைக்கவில்லை. அவர் வாயால் சொன்னார்.